லேசரில் கரையுமா தொப்பை?

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அதற்குள் லேசர் லைப்போசக்‌ஷன் செய்து பத்து கிலோ குறைத்துவிடலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பத்து கிலோவை முதலில் மறந்துவிடுங்கள். இது தராசுக்கான வைத்தியமே இல்லை, தையற்காரருக்கானது! அளவு மாறலாம், எடை பெரிதாக மாறாது.

சின்னத் துளை வழியே மெல்லிய லேசர் இழையை நுழைத்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உருக்குவார்கள். பெரும்பாலும் குழாயால் உறிஞ்சியும் எடுப்பார்கள். கத்தி பெரிதாக இல்லை என்பதற்காக அழகு நிலைய வேலை என்று நினைத்துவிடாதீர்கள், இது அறுவை சிகிச்சைதான். சூடு கை மீறினால் தோல் வெந்துபோகும். மேடு பள்ளம் விழலாம், நீர் கோக்கலாம், அரிதாக ரத்தக்குழாய் அடைப்பும் வரலாம்.

குடலைச் சுற்றிய கொழுப்பை லேசர் எட்டவே எட்டாது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழிவிடுவது முக்கியமாக அதுதான். பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து கொழுப்பைச் சாதாரண முறையில் உறிஞ்சியெடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இன்சுலின் வேலை செய்யும் விதமோ கொலஸ்ட்ராலோ அவர்களுக்குத் தேறவில்லை.

இரண்டு மாதம் போதாது, அம்மா. சில வாரம் இறுக்கு உடையிலேயே இருக்க வேண்டும். வீக்கம் முழுக்க வடிந்து வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முகூர்த்தப் பட்டுக்குள் வீக்கம் எதற்கு?

பிறகு செய்துகொள்வதானால், தகுதி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மயக்க மருந்து யார் கொடுப்பார், அவசரமென்றால் எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வயிற்றைக் காட்டாதீர்கள்.