ஒரு நாயின் அளவுக்காவது

அனுப்புநர்:
பாஸ்ரா நினைவுச் சுவரில் ஒரு தொகைக்குள் இருப்பவன்,
மதராஸ் சாப்பர்ஸ் படை, மெசபடோமியா.

பெறுநர்:
காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தார், இங்கிலாந்து.

பொருள்: கல் கோருதல் – தொடர்பாக.

மாட்சிமை தங்கிய ஐயா,

பெயரில்லாமல் எழுதினால் மொட்டைக் கடுதாசி என்பார்கள். ஆனால் தங்கள் சுவரில் இல்லாத பெயரை இந்தக் கடிதத்தில் மட்டும் போட்டுக்கொண்டால் கோப்பு ஒத்துப்போகாது. ஆகவே விட்டுவிட்டேன்.

பதவி, இனம், மதம் பாராமல் போரில் இறந்த எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது தங்கள் கொள்கை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரக் கல்: 2 அடி 8 அங்குலம். அடியில் குடும்பத்தார் 66 எழுத்துக்குள் ஒரு வாசகம் சேர்க்க அப்போது அனுமதித்தீர்கள். அன்றைய விலை எழுத்துக்கு மூன்றரைப் பென்னி. கேட்டதும் புல்லரித்தது. புல்லரிக்க உடம்புதான் இல்லை.

முதல் உலகப் போரில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் பாஸ்ராவில் அந்தச் சுவரைத் திறந்தீர்கள். அதிகாரிகளுக்குப் பெயர். வெள்ளைச் சிப்பாய்களுக்கும் பெயர். இந்தியச் சிப்பாய்கள் 33,000 பேருக்கு மேல்; எங்களுக்குப் படைப்பிரிவு வாரியாக ஒரு எண்ணிக்கை. நாடக நோட்டீசின் கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று வருமே, அதுதான் நாங்கள். 1997-இல் அந்தச் சுவரையும் பெயர்த்து நாசிரியா சாலைப் பக்கம் கொண்டுபோனார்கள். என் எலும்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது; என் எண்ணிக்கைக்கு மட்டும் இடமாற்றம் கிடைத்தது.

தவறு என்னுடையதுதான். பிரான்சில் செத்திருக்க வேண்டும். அங்கே நெவ் ஷாப்பெல் நினைவகத்தில் 4,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்குப் பெயர் வெட்டியிருக்கிறீர்கள். எங்கே செத்தால் பெயர் கிடைக்கும் என்று விசாரிக்காமல் செத்தது என் அறியாமை.

கல்லறைக் கல்லின் அருமை ஆப்பிரிக்கர்களுக்குப் புரியாது என்று அக்காலத் துரைமார் சிலர் கருதினார்களாம். எங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்களோ என்னவோ. ஆனால் கல்லின் அருமை எங்களுக்குத் தெரியும். திருவண்ணாமலைச் சீமையில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில், மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த பூசலில் ஒரு வீரன் இறந்தான். நடுகல் நட்டார்கள். அதில் அவன் பெயர் இருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்த அவன் நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். இன்றைக்கும் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். என்னை?

2021-இல் தங்கள் அறிக்கை வந்தது. பெயரோடு நினைவுகூரப்படாதவர்கள் குறைந்தது 1,16,000 பேர். 3,50,000 ஆகவும் இருக்கலாம். எங்கள் ஊர் ஆடு மேய்க்கிற பையனும் இதைவிட நெருக்கமாக எண்ணிச் சொல்வான். மன்னிப்பும் கேட்டீர்கள். அதை வாங்கி எந்தக் கல்லின் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே சமூகத்தில் வேண்டிக்கொள்வது: 66 எழுத்து வேண்டாம். மதராஸ் சாப்பர்களுக்குப் பட்டாளத்தில் செல்லப்பெயர் ‘தம்பி’. பாலம் போடும்போதும் பாதை வெட்டும்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அசல் பெயர் கிடைக்கும்வரை அந்த மூன்றெழுத்தையே வெட்டிவையுங்கள். பழைய விலைப்படி பத்தரைப் பென்னி ஆகிறது. என் கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மற்றும் பலரில் ஒருவன்