நீலத்தாடியின் சாவி

கேள்வி: கிளாரிசா பிங்கோலா எஸ்டெஸின் ‘ஓநாய்களோடு ஓடும் பெண்கள்’ நூல் பெண்ணியமா, ஆன்மிக மயக்கமா?

பதில்: பழங்கதையைப் பெண் பக்கம் நின்று படிக்கக் கற்றுத்தரும் நூல் அது. 1697-இல் சார்லஸ் பெரோ வெளியிட்ட நீலத்தாடிக் கதையில் மனைவியரைக் கொன்றவன் கணவன். கதை முடிவில் வரும் நீதியோ, பூட்டிய அறையைத் திறந்த புது மனைவியின் ஆவலைக் கண்டிக்கிறது. 1992-இல் எஸ்டெஸ் அந்த ஆவலையே அவளைக் காக்கும் அறிவாக வாசித்தார். கேள்வி கேட்டதற்காகவே ஏச்சு வாங்கிய பெண்ணுக்கு இந்த வாசிப்பு எவ்வளவு பெரிய துணை! எஸ்டெஸ் சொல்வதுபோல் எல்லாப் பெண்களுக்கும் ஒரே காட்டியல்பு உண்டா என்ற ஆட்சேபம் நியாயமானதே. உளவியலாளர் யுங்கின் வழிவந்த அவர் கூலி, சொத்து, சட்டம் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார். ஆனால் சட்டத்தோடு மோதப் போகிறவளும் முதலில் தன் சந்தேகத்தை நம்பியாக வேண்டுமே. நீலத்தாடி அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். ஓநாய் உவமைகள் நீளும் பக்கங்களை வேகமாகத் தாண்டலாம்.