ஒரே செல்ஃபுல எடுத்துக்கும்!

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, அரை இஞ்ச் ஸ்பேனர் இருக்கும். பட்டு வேட்டி கட்டிக் கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். மொய் எழுதக் குனியும்போது அது ‘டங்’கென்று மேஜையில் விழும், உறவுக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் நகத்துக்குள் இருக்கும் கறுப்பு எந்தத் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் மசியாது. கும்பிடு போட்டால் டீசல் மணக்கும். கோபி, உடுமலை, பல்லடம் பக்கம் ஏதாவது தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்திய பழைய மாஸி பெர்குசன் 1035 ஒன்று நின்றால், பக்கத்திலேயே இவரும் நிற்பார்.

“வண்டி ஓடுதுங்களா?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

“ஓடுதாவா? ஒரே செல்ஃபுல எடுத்துக்கும் கண்ணு!”

அது கடைசியாக எடுத்தபோது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன், இப்போது இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறான்.

இந்த இனத்தாரின் நிலத்தை உழுவது எப்போதும் வாடகை வண்டிதான். ஐம்பது குதிரைத் திறன், ரொட்டவேட்டர், மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. வரப்பில் நின்றபடி இவர் கருத்துச் சொல்வார்: “அதெல்லாம் வண்டியா? வெறும் தகரம்!” சொல்லி முடிப்பதற்குள் ‘தகரம்’ ஒரு ஏக்கரை முடித்துவிட்டு மேல்காட்டுக்குப் போயிருக்கும். பழைய வண்டி உழுவதற்கு அல்ல, ஸ்டார்ட் செய்வதற்கு என்பது என் முடிவு. இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பா இந்த வகை. வண்டியின் குலம் கோத்திரம் அவருக்கு அத்துப்படி. டாஃபே 1960-இல் சென்னையில் தொடங்கியது, செம்பியத்து சிம்ப்சன் இன்ஜின், மூன்று சிலிண்டர், 35 குதிரை என்று ஆரம்பித்தால் நேரே ஹாரி பெர்குசனிடம் போய்த்தான் நிற்பார். அந்தக் காலத்தில் டிராக்டரின் பின்னால் கலப்பையைச் சும்மா கட்டி இழுத்தார்கள்; கொழு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். மூன்று இடத்தில் கலப்பையைப் பிடிக்கும் இணைப்பைக் கொண்டுவந்து, அதே இழுவை முன்பாரத்தை நிலத்தில் அழுத்தும்படி செய்தவர் பெர்குசன். இன்றைக்கு வரப்போரம் போகிற எல்லா ‘தகரங்களும்’ அந்த மூன்று முனையில்தான் கலப்பையை மாட்டிக்கொண்டு போகின்றன. 1953-இல் பெர்குசன் நிறுவனமும் மாஸி ஹாரிஸும் இணைந்ததை, நம் பங்காளி வீட்டுச் சம்பந்தம் போலத்தான் பெரியப்பா விவரிப்பார்.

“எவரெஸ்ட் ஏறுன ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது எதுலங்கறே? பெர்குசன் டிராக்டர்ல! அந்தப் பனியிலயே எடுத்திருக்குது பாத்துக்க.”

“அப்பறம் ஏனுங்க பெரியப்பா நம்முளுது மார்கழில எடுக்க மாட்டேங்குது?”

“அது பேட்டரி.”

எந்தக் கேள்விக்கும் அது பேட்டரிதான்.

இந்தத் தடவை மராமத்து நிஜமாகவே நடந்தது. ஏர் கிளீனரைத் திறந்தால் எலி குடும்பத்தோடு குடியிருந்தது. டீசல் டேங்கின் அடியில் கருப்பட்டிப் பாகு பதத்தில் ஏதோ ஒன்று. இன்ஜின் பிடித்துப்போயிருந்ததால் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். அந்த மாதம் பெரியம்மா தாளிக்க எண்ணெய் எடுக்கப் போய், டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். ஒத்தாசைக்கு வந்த பையன் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு ஒரு நட்டைத் திருகினான். பழைய வண்டியில் எல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், பதிமூன்று உள்ளே போகும், ஆனால் பிடிக்காது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாயிற்று. பெரியப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டுத் திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்பேனர் சட்டைப் பையை விட்டு வெளியே வருவதில்லை.

நல்ல நாள் பார்த்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டார்ட் செய்யும் வைபவம். ஊரே வந்திருந்தது. அத்தனை பேருக்கும் டீசல் இன்ஜின் தெரிந்திருந்தது. முதலில் ஏர் எடுக்க வேண்டும்: பைப்பில் காற்று இருந்தால் டீசல் நாசிலுக்குப் போகாது. ஃபில்டர் தலையில் ஒரு ஸ்குரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது, பிறகு குமிழ் குமிழாக, பிறகு தெளிவாக. விரலில் தொட்டு மோந்து பார்த்து, “இன்னும் காத்து இருக்குது” என்றார். இதை எப்படி மோந்து கண்டுபிடித்தார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

சாவியைத் திருகினார். கிர்ர்ர்... கிர்ர்... கிர்... டொக்.

“பேட்டரி,” என்றது கூட்டம், ஒரே குரலில்.

கடைசியில் அந்த வாடகை வண்டியையே கூப்பிட வேண்டியதாயிற்று. கயிறு கட்டி முன்னால் ‘தகரம்’ இழுக்க, பின்னால் இவர் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். பின்சக்கரம் இரண்டும் மண்ணைச் சீய்த்துக்கொண்டு வந்து, பிறகு சுற்ற ஆரம்பித்தன. சைலன்சரில் வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர் பேசியது, யோசித்தது, இன்னொன்று சேர்ந்துகொண்டது. மூன்றாவதும் வந்து சேர்ந்தபோது சாளை ஓடு அதிர்ந்தது. பெரியப்பா சீட்டின் மேலே எழுந்து நின்று கத்தினார்:

“பாத்தீங்களா? ஒரே செல்ஃபு!”

கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

அதன் பிறகு அணைக்கவே விடவில்லை. “பேட்டரி ஏறட்டும்.” மத்தியானச் சாப்பாடு மக்காட் மேல் வைத்து நடந்தது. மூத்த பெண்ணைப் பார்க்கப் பெருந்துறைக்காரர்கள் அன்று வருவதாக இருந்தது பெரியம்மாவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வந்தவர்களை வாசலிலேயே மடக்கி வண்டியண்டை கூட்டிப் போனார் பெரியப்பா.

“பையனுக்கு எங்கீங்க வேலை?”

“திருப்பூருங்க!”

“திருப்புறதுக்கு ஸ்டேரிங் கொஞ்சம் லூசுதானுங்க, சரி பண்ணிரலாம்!”

ஜாதகம், நகை, மண்டபம் எல்லாம் அந்த இரைச்சலில் இந்தப் பதத்திலேயே பேசப்பட்டன. மாப்பிள்ளைப் பையன் மரியாதைக்காரன். உட்காரச் சொன்னார், சீட்டில் உட்கார்ந்தான். ஏதாவது கேட்டால்தானே ஆர்வம் இருப்பது தெரியும் என்று, “இது என்னங்க மாமா?” என்று ஒரு குமிழைப் பிடித்து வெளியே இழுத்தான்.

அது இன்ஜினை அணைக்கிற குமிழ்.

பெரியப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. அதற்குள் சமையற்கட்டிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது:

“ஏனுங்க, இந்தப் பையனையே முடிச்சிருங்க!”