செட்டிங்ஸ் அண்ணன்

செட்டிங்ஸ் அண்ணன் வீட்டில் ஏழு மணிக்குப் படம் என்று கூப்பிட்டால், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போகலாம். அப்போதும் எழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். டிவியில் ஏதோ ஒரு பட்டியல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். "வா வா, உட்காரு. ரெண்டே நிமிஷம், சின்னதா ஒரு ட்வீக்" என்பார். அண்ணி நம்மைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு உரை எழுதப் புகுந்தால் தனிப் புத்தகமாகிவிடும்.

தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். டிவிக்குப் பின்னால், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெரி பை என்ற கணினிப் பலகை. அதில் கோடி என்ற இலவச மென்பொருள். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்டிப் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் சிலர் எழுதத் தொடங்கியது அது. எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி ஆயிற்று. அண்ணன் இதைச் சொல்லும்போது, "2014-ல நாங்க பேரை மாத்தினோம்" என்பார். அந்த மென்பொருளில் அவர் எழுதியது ஓர் அரைப்புள்ளிகூடக் கிடையாது. இருந்தாலும் 'நாங்க'தான்.

கோடியின் அமைப்புகளில் நான்கு படிகள் உண்டு. அடிமட்டத்தில் பேசிக், உச்சியில் எக்ஸ்பர்ட். சாதாரண மனிதர்கள் முதல் இரண்டு படியிலேயே வாழ்ந்து முடித்துவிடலாம், ஒரு குறையும் வராது. அண்ணனுக்கோ எக்ஸ்பர்ட்டும் போதவில்லை. "இதுக்கு மேல ஒண்ணு இருக்கு" என்று குரலைத் தாழ்த்துவார். அதுதான் அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல். மென்பொருளை நிறுவும்போது அந்தக் கோப்பு இருக்காது, வேண்டுமென்பவர் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாத ஒன்றை உண்டாக்கி, அதில் பிழை செய்து, பிறகு அந்தப் பிழையை இரவெல்லாம் தேடும் வாய்ப்பை ஒரு மனிதனுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் வழங்கியதில்லை. ஒரு குறியை மூட மறந்தால் போதும், கோடி முழுக் கோப்பையுமே கண்டுகொள்ளாது.

அந்தக் கோப்பில் அண்ணன் முதலில் கை வைத்தது கேஷ் அளவில். படம் தடங்கலில்லாமல் ஓட, கொஞ்சத்தை முன்கூட்டியே நினைவகத்தில் தேக்கி வைக்கும் ஏற்பாடு அது. தானாக வருவது 20 எம்பி. அதை பைட் கணக்கில் எழுத வேண்டும்: 20971520. அண்ணன் இந்த எண்ணை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். 20 எதற்கு, 200 வைப்போமே என்று ஒருநாள் வைத்தார். எழுதிய அளவைப்போல மூன்று மடங்கு நினைவகத்தை கோடி எடுத்துக்கொள்ளும். பலகையில் இருந்ததே 1 ஜிபி. அன்று கதாநாயகன் அறிமுகக் காட்சியில் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"நேத்து நல்லாத்தானேங்க ஓடுச்சு?" என்றார் அண்ணி.

"ஓடுச்சு. ஆனா ஆப்டிமைஸ் ஆகாம ஓடுச்சு."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டுப் படங்களெல்லாம் அந்தப் பலகையிலேயே செருகிய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. இணையத்திலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ வரும் படத்துக்குத்தான் இந்தத் தேக்கம் உதவும். ஆனால் 2024 ஏப்ரலில் கோடியின் 21-ஆம் பதிப்பு வந்து, கேஷ் அளவை மெனுவிலேயே வைத்து, கோப்பில் எழுதுவதை இனிப் பொருட்படுத்த மாட்டேன் என்றுவிட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தனியாளாகக் கிணறு வெட்டியவர், ஊருக்கெல்லாம் குழாய் வந்த அன்று நிற்பாரே, அப்படி நின்றார். "இனிமே யார் வேணா மாத்தலாம்" என்றார். அது புகார்.

அடுத்தது ஜட்டர். இதில் அண்ணன் பக்கம் நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். நம் டிவி பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை காட்டும். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும், அரை ஃப்ரேம் காட்ட முடியாது. ஆகவே ஒன்றை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டிச் சமாளிக்கிறது. கேமரா மெல்ல நகரும் காட்சியில் ஒரு சின்னத் திக்கல் தெரியும். நமக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் சுட்டிக்காட்டிய பிறகு தெரியும். அப்புறம் ஆயுசுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். அவருடைய மைத்துனர் இப்போது தியேட்டரில்கூட நிம்மதியாக உட்காருவதில்லை.

படத்துக்கு ஏற்ப டிவியின் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ள கோடியில் வழியிருக்கிறது. அண்ணன் அதைப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு படமும் தொடங்குமுன் திரை சில நொடி இருட்டாகும். "கரண்ட் போச்சா?" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

பிறர் வீட்டு டிவியையும் அவர் விடுவதில்லை. தீபாவளிப் பலகாரத்தட்டைக் கையில் வாங்கும் முன் ரிமோட்டை வாங்கிவிடுவார். எந்தப் படத்தையும் மெகா சீரியல் மாதிரி வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கைத் தேடிப் பிடித்து அணைப்பார். "2018-ல டாம் க்ரூஸே வீடியோ போட்டுச் சொன்னாரு" என்பார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் டாம் க்ரூஸ் யார் வீட்டுக்கும் வந்து அணைத்ததாகத் தெரியவில்லை.

உதட்டசைவும் குரலும் சேர்வது இன்னொரு வெறி. ஒலியை 25 மில்லி செகண்ட் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு ராத்திரி எதைச் செய்தும் சேரவில்லை. பாதிப் படத்துக்கு மேல் போராடிய பிறகு அண்ணிதான் சொன்னார், அது தெலுங்கிலிருந்து டப்பிங் செய்த படம் என்று.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதும் உண்டு. படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்க்காவிட்டால், போஸ்டரும் கதைச்சுருக்கமும் தேடி எடுக்கும் நிரல் தடுமாறிவிடும். 1985 'படிக்காதவன்' ரஜினி, 2009 'படிக்காதவன்' தனுஷ். ஆண்டு விட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரையில் தனுஷ் முகத்தைப் பார்த்த அப்பா, "இதுல சிவாஜி எங்கடா வருவாரு?" என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோப்பில் இருந்தது சிவாஜியும் வரும் அந்த ரஜினி படமேதான். அதைச் சொல்லி அழைத்துவர அண்ணனுக்கு நேரமில்லை. 'பில்லா' 1980-ஆ 2007-ஆ, 'தில்லு முல்லு' 1981-ஆ 2013-ஆ என்று ஒவ்வொன்றுக்கும் வருஷம் போட்டுக்கொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எல்லாம் கூடிவந்தது. 1954-இல் வந்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாத, கொலை செய்தவர் யார் என்று கடைசிவரை இழுத்துப்போகும் படம். திக்கல் இல்லை, தேங்கல் இல்லை, குரல் உதட்டோடு ஒட்டி நின்றது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கீபோர்டை எடுத்து ஓ எழுத்தைத் தட்டி, திரையின் மேல் எண்களை வரவழைத்தார். முடியும்வரை கண் அதிலேயே இருந்தது.

போன் பேச வெளியே போயிருந்த மகள் ஓடிவந்தாள். "ஐயோ, முடிஞ்சிடுச்சா? சிவாஜியைச் சுட்டது யாருப்பா?"

"யாரா இருந்தா என்னம்மா? ஒரு ஃப்ரேம்கூட ட்ராப் ஆகல!"