அழையா விருந்தாளியாகும் மின்மடல்: சிறுவணிகர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மின்மடல் எதற்கு?
– ஊறுகாய் தயாரிப்பாளர், திண்டுக்கல்

பதில்: மின்மடல் என்பது, கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும், குறித்த இடைவெளியில், மின்னஞ்சல் வழியே வணிகர் அனுப்பும் மடல். வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினர்கள் கண்ணிலும் படுவதோடு, மாங்காய் ஊறுகாயின் விலை வெளியான மறு நிமிடமே ரோஜாப் பூவோடு வரும் காலை வணக்கப் படம் அந்த விலையை மேலே தள்ளி மறைத்துவிடுகிறது. மின்மடலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போய்ச் சேர்கிறது. அனுப்பித் தரும் சேவை நிறுவனத்தை மாற்ற நேர்ந்தாலும் முகவரிப் பட்டியலை வணிகர் தம்மோடு எடுத்துச் செல்லலாம்.

கேள்வி: பத்தாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றனவாம். வாங்கலாமா?
– வீட்டு உபயோகப் பொருள் விற்பனையாளர், சேலம்

பதில்: முகவரிகள் வரும், வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். இந்த வழிக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தியூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே ஒரு விளம்பர மடலை அனுப்பிவைத்தார். வேண்டாத வணிக மின்னஞ்சலின் வரலாறு அதிலிருந்தே தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. கண்டனமும் கையோடு வந்து சேர்ந்தது.

அன்று கண்டித்தவர்கள் மனிதர்கள். இன்று அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. விலைக்கு வரும் பட்டியல்களில் ‘பொறி முகவரிகள்’ கலந்திருப்பதுண்டு. அதாவது, எவரும் பயன்படுத்தாத, கேளாமல் அனுப்புபவர்களைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட முகவரிகள். அவற்றுள் ஒன்றுக்கு மடல் சென்றாலும் அனுப்பியவரின் பெயர் தடைப்பட்டியலில் ஏறக்கூடும். ஏறிவிட்டால், விரும்பிக் கேட்டவர்களுக்கு அவர் அனுப்பும் மடலும் ஸ்பேம் பெட்டிக்கே போய்ச் சேரும்.

கேள்வி: பில் போடும்போது மின்னஞ்சல் முகவரி தந்தவர், மின்மடலுக்கும் சம்மதித்தவர்தானே?
– சேலைக் கடை உரிமையாளர், காஞ்சிபுரம்

பதில்: அவர் சம்மதித்தது பில்லுக்கு. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் என்பது கட்டாயமின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், தெளிவானதொரு செயலின் மூலமும் தரப்பட வேண்டும் என்று வரையறுக்கிறது. கடைக்காரரே முன்கூட்டி ‘டிக்’ அடித்து வைத்திருக்கும் கட்டம், கடைக்காரரின் ஆசையைக் காட்டுமே தவிர வாடிக்கையாளரின் செயலாகாது. பாதுகாப்பான முறை ‘இரட்டை ஒப்புதல்’ எனப்படுவது: முகவரி தந்தவருக்கு முதலில் ஓர் உறுதிப்படுத்தல் மடல் சென்று, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே பெயர் பட்டியலில் சேரும். இதனால் பட்டியல் மெதுவாகத்தான் வளரும். ஆனால் எழுத்துப்பிழையோடு பதிவான முகவரிகளும், கடைக்காரரின் தொல்லை பொறுக்காமல் ஒப்புக்கு எழுதித் தந்த முகவரிகளும் வாசலிலேயே நின்றுவிடும்.

கேள்வி: சொந்த ஜிமெயிலிலிருந்தே எல்லோருக்கும் ஒரே மடலாக அனுப்பிவிட்டால் செலவு மிச்சமல்லவா?
– காபித்தூள் வியாபாரி, கும்பகோணம்

பதில்: செலவு மிச்சமாகும், மானம் மிச்சமாகுமா என்பதே கேள்வி. எல்லா முகவரிகளையும் ‘சிசி’ என்ற கட்டத்தில் இட்டால், வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் எல்லாருடைய கைக்கும், போட்டிக் கடைக்காரர் அதில் இருந்தால் அவர் கைக்கும், இலவசமாகப் போய்ச் சேரும். முகவரிகளை மறைக்கும் ‘பிசிசி’ கட்டத்தைப் பயன்படுத்தினாலும், தனிநபர் ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு உண்டு.

பட்டியல் வளர்ந்ததும், மொத்த மடல் அனுப்பும் சேவையும் கடையின் பெயரில் சொந்த இணைய முகவரியும் தேவைப்படுகின்றன. அந்த முகவரியில் மூன்று சான்றுகளை நிறுவ வேண்டும்: கடையின் பெயரால் மடல் அனுப்பும் உரிமை எந்தெந்தக் கணினிகளுக்கு உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப், மடல் வழியில் திருத்தப்படவில்லை என்பதை மின்கையொப்பத்தால் காட்டுவது டிகிம், இவ்விரண்டிலும் தேறாத மடலை ஏற்பதா, ஒதுக்குவதா, திருப்புவதா என்று பெறுபவரின் அஞ்சல் நிறுவனத்துக்குச் சொல்வது டிமார்க். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் இம்மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் வற்புறுத்துகிறது. அதற்குக் குறைவாக அனுப்புவோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

கேள்வி: தலைப்பு வரியில் ‘அவசரம்!!!’ என்று எழுதினால் திறப்பார்களா?
– பரிசுப்பொருள் கடைக்காரர், மதுரை

பதில்: முதல் முறை திறப்பார்கள், உள்ளே பத்து விழுக்காடு தள்ளுபடியைக் கண்டதும், உண்மையிலேயே அவசரமான மடலையும் மறுமுறை திறக்கமாட்டார்கள். உள்ளடக்கத்தைப் பற்றி ஏமாற்றும் தலைப்பு வரியை அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. கைபேசித் திரையில் தலைப்பின் முற்பகுதி மட்டுமே தெரியும் என்பதால், மடலில் உள்ள முதன்மைச் செய்தியை முதல் சில சொற்களிலேயே சொல்லிவிடுவது நலம்.

கேள்வி: விலகுவதற்கான இணைப்பை வெளிர்சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், அடியில் வைத்தால் ஆட்கள் குறையமாட்டார்களே?
– ஆயத்த ஆடை விற்பனையாளர், திருப்பூர்

பதில்: குறையமாட்டார்கள், கோபப்படுவார்கள். விலகும் வழியைத் தேடிக் களைத்த வாசகரின் கண்ணெதிரே, மிகப் பெரிதாக, ‘ஸ்பேம்’ என்ற பொத்தானை அஞ்சல் நிறுவனம் வைத்திருக்கிறது. விலகுபவர் ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். ஸ்பேம் என்று புகார் செய்பவரோ, பட்டியலில் எஞ்சியிருப்பவர்களுக்கும் மடல் சேராதபடி செய்துவிட்டுப் போகிறார். புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்பது கூகுளின் விதி. ஆயிரம் பேர் கொண்ட பட்டியலில் மூன்று பேர் சினந்தாலே அந்த எல்லை வந்துவிடும். மொத்தமாக அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தந்து, கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் அந்நிறுவனம் கோருகிறது. முன்சொன்ன இந்தியச் சட்டமும், ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ அதே அளவுக்குத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே விலகும் இணைப்பு வணிகருக்கு இழப்பன்று. அவருடைய மடலை இன்பாக்ஸில் நிறுத்திவைக்கும் காவல்.

கேள்வி: நூற்றுக்கு அறுபது பேர் மடலைத் திறப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. மகிழலாமா?
– நாட்டுமருந்துக் கடை, நாகர்கோவில்

பதில்: அளவோடு மகிழலாம். மடலில் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் தரவிறங்கும்போது, மடல் திறக்கப்பட்டதாகப் பதிவாகிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதியை ஏற்றவர்களுக்கு, மடலை அவர்கள் பார்க்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுவதால், உறங்கிக்கொண்டிருப்பவரும் படித்தவராகக் கணக்கில் வந்துவிடுகிறார். இணைப்பைச் சொடுக்கியவர், பதில் எழுதியவர், பொருள் வாங்கியவர் ஆகியோரின் எண்ணிக்கையே நம்பத்தக்கது.

கேள்வி: ஒரே பெரிய படமாக வடிவமைத்து அனுப்பினால் அழகாக இருக்காதா?
– நகைக்கடை மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: படம் இறங்காத திரையில் வெறும் கட்டமும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானில் மௌனமும் மட்டுமே மிஞ்சும். செய்தியை எழுத்தாகவே எழுதிப் படத்தைத் துணைக்கு வைக்க வேண்டும். மடலின் நிரல் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போனால் ஜிமெயில் அதை வெட்டிச் சுருக்கும் என்பதும், அடியில் உள்ள விலகல் இணைப்பு அந்த வெட்டில் முதலில் மறையும் என்பதும் கவனத்துக்குரியவை.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக எதையும் சொடுக்காதவர்களை என்ன செய்வது?
– சிறுபதிப்பாளர், சென்னை

பதில்: ‘தொடர்ந்து அனுப்பலாமா?’ என்று ஒரே ஒரு மடல் எழுதிக் கேட்டுவிட்டு, பதில் வராவிடில் பெயரை நீக்கிவிடலாம். பட்டியலின் நீளம் பிற பதிப்பாளர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள உதவும் என்பது உண்மையே. ஆனால் மடல் அனுப்பும் சேவைகள் பலவும் கட்டணம் வசூலிப்பது அந்த நீளத்துக்குத்தான், வாசிப்பவர்களின் எண்ணிக்கைக்கு அன்று.