மூக்குக்குத் தெரியாத வாயு

கேள்வி: குளியலறையில் மலிவான கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். கசிந்தால் வாசனையே காட்டிக்கொடுக்குமே, பயம் எதற்கு?

பதில்: கசிந்தால் மூக்கு கண்டுபிடிக்கும். எரிந்தால்?

எச்சரிக்கைக்காகச் சிலிண்டர் வாயுவில் கலக்கும் மெர்காப்டன் நாற்றம் தீயோடு போய்விடும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலை சுற்றுகிறதே என்று தாழ்ப்பாளைத் தேடுவதற்குள் கால் துவண்டுவிடும்.

2023 ஹோலியன்று காசியாபாத்தில் வண்ணப்பொடியைக் கழுவக் குளியலறைக்குள் போன ஒரு தம்பதி உயிரோடு வெளியே வரவில்லை. அங்கே இருந்ததும் கேஸ் கீசர்தான்.

மலிவு மாடல்கள் பலவற்றில் புகைபோக்கிக் குழாயே கிடையாது. கீசரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை, வாளி நிரம்பியதும் அணைத்து, அறையைக் காற்றாடவிட்டுப் பிறகு குளியுங்கள்.