கெட்ட சேதி முதலில் வரட்டும்!

அலுவலகம், ஆலை, ஆஸ்பத்திரி என்று நாலாபுறமிருந்தும் வந்த கேள்விகள். எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி: சேர்ந்து வேலை செய்வது எப்படி?

● நேற்றுவரை என்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இன்று நான் டீம் லீடர். முதல் வாரத்தில் என்ன செய்யட்டும்?
– சிறுசேரி வாசகர்

குறைவாகப் பேசுங்கள், நிறையக் கேளுங்கள். ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து மூன்றே கேள்விகள்: உங்கள் வேலைக்கு எது தடையாக இருக்கிறது? எதை மாற்றவே கூடாது? என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அந்த மாதத்துக்குள் செய்து முடியுங்கள். கேட்டுவிட்டுக் கிடப்பில் போட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நட்பை விட வேண்டாம். டீக்கடையில் ஒருவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிப் பேசும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவர்களுடைய அப்ரைசல் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் விளையாட்டாகச் சொல்வதைக்கூட அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

● நல்ல குழுவுக்கு ஒரே ஓர் அடையாளம் சொல்லுங்கள்.
– ஈரோடு வாசகி

கெட்ட சேதி தலைவரின் காதுக்குத்தான் முதலில் வரும்.

● கெட்டிக்காரர்களாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் குழு தானாக நன்றாக அமைந்துவிடாதா?
– பெங்களூரில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர்

கூகுளும் அப்படித்தான் எதிர்பார்த்தது. 2012ல் ‘அரிஸ்டாட்டில் திட்டம்’ என்று பெயர் வைத்து, தன்னுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தது. எப்படிப்பட்ட ஆட்களைக் கலந்தால் குழு ஜெயிக்கும் என்று பலவிதமாகக் கணக்குப் போட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் வெற்றியைத் தீர்மானித்தது. அதிலும் முதலிடம் பிடித்தது ஒரு நம்பிக்கை: ‘நான் சந்தேகம் கேட்டாலும், தப்பை ஒத்துக்கொண்டாலும் இங்கே யாரும் என்னை அவமானப்படுத்த மாட்டார்கள்.’

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் இதை 1999லேயே எழுதிவிட்டார். அதற்கு முன்பு அவர் மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் அங்கேதான் அதிகம்! தோண்டிப் பார்த்தபோது காரணம் விளங்கியது: நல்ல குழுக்கள் தவறுகளை வெளியே சொல்லின; மற்ற குழுக்கள் மறைத்தன. ‘எங்கள் டீமில் தப்பே நடப்பதில்லை’ என்று அறிக்கை வந்தால் கைதட்டாதீர்கள். உடனே கிளம்பி நேரில் போய்ப் பாருங்கள்.

● டெட்லைன் தள்ளிக்கொண்டே போகிறது. இன்னும் பத்துப் பேரைப் போட்டால் முடித்துவிடலாமா?
– சென்னை, தரமணி வாசகர்

இன்னும் தள்ளிப்போகும். ஐ.பி.எம். நிறுவனத்தில் 360 வரிசைக் கணினிகளுக்கான மென்பொருளை உருவாக்கும் பெரும்பணியை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், 1975ல் ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ புத்தகத்தில் சொன்ன விதியே இதுதான்: தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் தாமதம் கூடும். புதிதாக வருகிறவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பழையவர்தான். ஐந்து பேர் குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10. பத்துப் பேரானால் 45. ஆள் இரட்டிப்பானால் பேச்சு நாலரை மடங்கு.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து, 1913ல் முடிவை வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்தது; எட்டுப் பேர் இழுத்தபோது ஆளுக்குப் பாதி பலம்தான் தேறியது. ஆகவே ஆளைக் கூட்டாதீர்கள், வேலையைக் குறையுங்கள். எது இப்போது கட்டாயம் வேண்டும், எது அடுத்த மாதம் வந்தால் போதும் என்று வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

● பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். தையலில் குறை இருப்பது கடைசி செக்கிங்கில்தான் தெரிகிறது. தைப்பவர்கள் ஏன் முன்பே சொல்வதில்லை?
– திருப்பூர் வாசகர்

சொன்னால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். திட்டு விழுகிறதா? நின்ற நேரத்துக்குக் கூலி போகிறதா? அப்படியானால் அவர்கள் மௌனமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ‘ஆண்டான்’ என்று ஓர் ஏற்பாடு. ஏதாவது பிசகினால், கடைநிலைத் தொழிலாளிகூடத் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே அங்கே வருவார். அந்த ஒரு சுற்று வேலை முடிவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நின்றுவிடும். இழுத்தவருக்குத் திட்டு கிடையாது. ‘யார் செய்தது?’ என்று கேட்பதில்லை, ‘ஏன் நடந்தது?’ என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் லைனில் கயிறு கட்டக்கூட வேண்டாம். மூன்று காரியம் போதும். கை உயர்த்தினால் நீங்களே போய் நில்லுங்கள். குறையைச் சொன்னதற்காக நின்ற நேரத்துக்குக் கூலியைப் பிடிக்க விடாதீர்கள். குரலை உயர்த்தாதீர்கள். குறை மெஷினிலேயே தெரிந்தால் போவது ஒரு பீஸ். பேக்கிங்கில் தெரிந்தால் போவது ஒரு லாட். கூலியைப் பிடிப்பதால் மிச்சமாகும் காசு இந்த நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

● சீனியர் டாக்டர் ஏதோ தவறவிடுகிறார் என்று தெரிந்தாலும் எங்களால் வாய் திறக்க முடிவதில்லை. சொல்லலாமா?
– மதுரை, செவிலியர் ஒருவர்

சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத மௌனம், சொல்லியும் காதில் ஏறாத அகங்காரம் இரண்டுக்கும் உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர். புறப்பட அனுமதி கிடைக்காமலேயே ஓடுபாதையில் வேகமெடுத்தார். எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தைக் கிளப்பினார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் இரண்டு ஜம்போ விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தும் இதுபோன்ற மற்ற விபத்துகளும் விமானத் துறையை உலுக்கின. 1979ல் நாசா கூட்டிய பயிலரங்குக்குப் பிறகு, இளையவர் எப்படித் துணிந்து சொல்வது, மூத்தவர் எப்படிக் காது கொடுப்பது என்பதே விமானிகளுக்குப் பாடமாயிற்று. அதன் பலன் 1989ல் அமெரிக்காவில் தெரிந்தது. யுனைடெட் 232 விமானம் நடுவானில் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையையும் இழந்தது. கேப்டன் ஆல் ஹேன்ஸ் தன் குழுவினர் சொன்னதையெல்லாம் கேட்டார். பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவரையும் உதவிக்கு அழைத்தார். விமானம் விழுந்து நொறுங்கியும், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இந்தப் பயிற்சிதான் காப்பாற்றியது என்று ஹேன்ஸ் பின்னர் சொன்னார்.

உங்கள் துறைக்கும் வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் அனைவரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். வாய் ஒருமுறை திறந்துவிட்டால் இரண்டாம் முறை திறப்பது எளிது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009ல் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கியபோது பெரிய மாற்றம் தெரியவில்லை என்று 2014ல் இன்னோர் ஆய்வு வந்தது. வெறும் காகிதம் உயிரைக் காப்பாற்றாது; அதைப் படிக்கும்போது நின்று கேட்கும் டாக்டர்தான் காப்பாற்றுவார்.

● புது டீம் சேர்ந்து இரண்டு மாதத்தில் ஒரே சண்டை. கலைத்துவிடலாமா?
– கோவை வாசகர்

வேண்டாம். கூடுவது, மோதுவது, ஒழுங்குக்கு வருவது, சாதிப்பது என்று குழுவின் வளர்ச்சியை 1965லேயே நான்கு கட்டங்களாகப் பிரித்தார் உளவியலாளர் ப்ரூஸ் டக்மன். நீங்கள் இரண்டாவதில் இருக்கிறீர்கள். சண்டை வேலையைப் பற்றி என்றால் நடக்க விடுங்கள். ஆளைப் பற்றி என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

● என் டீமிலேயே மகா திறமைசாலி அவர்தான். ஆனால் எல்லோரையும் மட்டம் தட்டுகிறார். என்ன செய்ய?
– ஓசூர் வாசகி

ஒருமுறை தனியாக, தெளிவாக, நடந்ததை எடுத்துக்காட்டிச் சொல்லுங்கள். மாறுவதற்கு அவகாசமும் கொடுங்கள். மாறாவிட்டால் அனுப்பிவிடுங்கள். அவருடைய திறமையைக் கணக்குப் பார்க்கும்போது, அவருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட மற்றவர்களின் திறமையையும் சேர்த்துப் பாருங்கள். கணக்கு நேராகிவிடும்.

● மீட்டிங்கில் நான் ஒரு யோசனை சொன்னால் யாரும் கவனிப்பதில்லை. ஐந்து நிமிடம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னால் ‘சூப்பர்’ என்கிறார்கள்.
– சென்னை, அம்பத்தூர் வாசகி

தனியாகப் போராடாதீர்கள். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் நல்ல யோசனை சொன்னால், இன்னொருவர் அதை அவர் பெயரோடு சேர்த்துத் திரும்பச் சொல்வார். யோசனை யாருடையது என்பது எல்லோர் மனதிலும் பதிந்துவிடும். உங்கள் தோழியோடு நாளைக்கே இந்த ஒப்பந்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீம் லீடர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைச் சரிசெய்வது அந்தப் பெண்ணின் பொறுப்பல்ல, உங்களுடையது. ‘இதை முதலில் சொன்னது அவர்’ என்று சொல்ல மூன்று விநாடி போதும்.

● எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. பிரித்துக் கொடுத்தால் தரம் போய்விடுமே?
– சிவகாசி வாசகர்

மதுரைக்குப் போய்ப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண் டாக்டர்தான் செய்தாக வேண்டிய வேலை எது, பயிற்சி பெற்ற மற்றவர் செய்யக்கூடியது எது என்று அங்கே கறாராகப் பிரித்தார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பார்வைப் பரிசோதனை, நோயாளியைத் தயார்செய்வது, அறுவை அரங்கில் உதவுவது எல்லாம் அவர்கள் கையில். ஒரு மேஜையில் சிகிச்சை முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயார். அரவிந்த் உலகத்துக்கே பாடமானது இப்படித்தான்.

தரம் போவது பிரித்துக் கொடுப்பதால் அல்ல. பயிற்சி கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பதால்.

● டீம் அவுட்டிங் போனால் ஒற்றுமை வருமா?
– புதுச்சேரி வாசகர்

இருக்கிற ஒற்றுமை கூடும். இல்லாத ஒற்றுமை பஸ் ஏறி வராது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டவரிடம் மறுபேச்சில்லாமல் ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள். அது ரிசார்ட்டைவிட வேகமாக வேலை செய்யும்.

● நன்றாக விளையாடத் தெரிந்தவர்தான் நல்ல கேப்டனாக இருக்க முடியுமா?
– திருச்சி, கல்லூரி மாணவர்

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாட்டில் இந்தியா ஓப்பன், பெண்கள் இரண்டு பிரிவிலும் தங்கம் வென்றது. ஓப்பன் அணியின் கேப்டன் ஸ்ரீநாத் நாராயணன் அங்கே ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. ஐந்து பேரில் இன்றைக்கு எந்த நான்கு பேர் ஆடுவது, யாருக்கு ஓய்வு என்று முடிவு செய்வதுதான் அந்தப் பொறுப்பின் சாரம். குகேஷ், பிரக்ஞானந்தா போன்றவர்களுக்கு ஆடச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் கவலையில்லாமல் ஆட வழிசெய்ய வேண்டும். ஆட்டம் தெரிந்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும். ஆனால் கேப்டன் அணியிலேயே சிறந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை.

● எதிர்த்துப் பேசுகிறவரைக் கூட வைத்துக்கொள்வது ஆபத்தில்லையா?
– விருதுநகர் வாசகர்

உங்கள் ஊர்க்காரரையே கேளுங்கள்! 1954ல் சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். ஜெயித்து முதலமைச்சரான காமராஜர், அதே சுப்பிரமணியத்தைத் தன் அமைச்சரவையில் சேர்த்து முக்கியமான துறைகளைக் கொடுத்தார். எதிர்க்கத் துணிவும் வேலையில் திறமையும் ஒரே ஆளிடம் இருந்தால், அவரை வெளியே நிறுத்துவதுதான் ஆபத்து.

● குழு தோற்றால் பொறுப்பு யாருக்கு? ஜெயித்தால் பெருமை யாருக்கு?
– நாகர்கோவில் வாசகர்

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து தோல்வியை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தன் குழுவின்மேல் நம்பிக்கை இருப்பதாகவும் சொன்னார். 1980 ஜூலை 18ல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்றைக்குப் பத்திரிகையாளர் சந்திப்பை நடத்தும்படி கலாமை அனுப்பினார் தவான். கலாம் இதை மேடைதோறும் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

● இவ்வளவு சொல்லிவிட்டீர்கள். நாளைக் காலையில் செய்ய ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்.
– தஞ்சாவூர் வாசகர்

மீட்டிங்கில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். குழுவில் வயதிலும் பதவியிலும் சின்னவரை முதலில் பேசச் சொல்லுங்கள். ‘நம் திட்டத்தில் எது சொதப்பும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். வருகிற பதில் உங்களுக்கு வலிக்கலாம். மறுக்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். குறித்துக்கொண்டு ‘நன்றி’ சொல்லுங்கள். அவர் சொன்னதற்கு என்ன செய்தீர்கள் என்பதை அந்த வாரத்துக்குள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.